ரியோன்னா 'வாவ்', நம்ம ஊர்னா 'க்ரிஞ்ச்'ஆ? ஒரே வாரத்தில் வந்த ரெண்டு திருவிழாக்களின் கதை!

மேல்பட்டாம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன். பாசஞ்சர் ரயில் வழக்கம்போல லேட். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நீங்க என்ன செய்வீங்க? வேற என்ன... போனை எடுப்பீங்க.

முதல் ரீல்ஸ், பிரேசில் நாட்டு ரியோ கார்னிவல். ஆளுயரத்துக்கு இறகு, தலையில மின்னுற கிரீடம், நூத்துக்கணக்கான டிரம்ஸ், இடுப்பை ஒடிச்சு ஆடும் சம்பா டான்ஸ். கமென்ட்ல நம்ம ஆளுங்கதான் நிறைய. 'வாவ்', 'செத்தாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் சாகணும்'. நீங்களும் ஒரு ஹார்ட் போடுறீங்க.

விரலால் ஒரு தள்ளு. அடுத்த ரீல்ஸ், பக்கத்து ஊர் மயானக் கொள்ளை. முகம் முழுக்க நீலச் சாயம், தலையில கிரீடம், இடுப்புல எலுமிச்சைப்பழ மாலை, பின்னாடி பம்பையும் உடுக்கையும். காளி வேஷம் கட்டின ஒரு அண்ணன் ரோட்டுல சுத்திச் சுத்தி ஆடுறார். இங்கேயும் கமென்ட் போடுறது நம்ம ஆளுங்கதான். ஆனா, 'க்ரிஞ்ச்', 'இவனுங்க எப்பதான் திருந்துவானுங்களோ', ரெண்டு சிரிப்பு எமோஜி.

ரெண்டுமே தெருவுல நடக்கிற ஆட்டம். ரெண்டுலயும் கிரீடம், சாயம், மேளம் எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணுக்கு ஹார்ட், இன்னொண்ணுக்கு சிரிப்பு? 'ரசனை' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனா, அது மட்டும் இல்ல மக்களே. இதுக்குப் பின்னாடி நூறு வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, அந்த ரெண்டாவது ரீல்ஸை நீங்க பார்க்கிற விதமே மாறிடும்.

ஒரே நிலா... ரெண்டு ஊர்!

முதல்ல ஒரு ஆச்சர்யம். இந்த ரெண்டு திருவிழாவும் பல வருஷங்கள்ல ஒரே வாரத்தில்தான் வரும். 2026-ஐயே எடுத்துக்கோங்க. மகா சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை அமாவாசை. அந்தச் செவ்வாய்தான் கார்னிவலோட கடைசி நாளும். 2023-லும் இப்படித்தான். சிவராத்திரி பிப்ரவரி 18, கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 21.

இது தற்செயல் இல்ல. ஈஸ்டர் தேதியை பௌர்ணமியை வெச்சுத்தான் கணக்கு பண்றாங்க. ஈஸ்டருக்கு 47 நாள் முன்னாடி வர்ற செவ்வாயோட கார்னிவல் முடியும். மறுநாள் சாம்பல் புதன், அதாவது தவக்காலம் ஆரம்பம். கறி, கூத்து, கும்மாளம் எல்லாத்தையும் நிறுத்துறதுக்கு முன்னாடி ஆசை தீர ஆடிடுவோம் என்பதுதான் கார்னிவலோட அடிப்படையே. பௌர்ணமியில் இருந்து பின்னோக்கி இத்தனை நாள் எண்ணினா, அது ஏதாவது ஒரு அமாவாசையை ஒட்டித்தான் வந்து நிக்கும். நம்ம மயானக் கொள்ளையும் மாசி மாத அமாவாசையை ஒட்டித்தான் நடக்குது. சில வருஷம் ஒரு மாசம் தள்ளிப் போகும். 2024-ல் அப்படித்தான் ஆச்சு. மத்தபடி நிலா ஒண்ணுதான், ஆடுற ஊர்தான் வேற.

அங்காளம்மன், சிவனோட கையில ஒட்டிக்கிட்ட பிரம்ம கபாலத்தை விடுவிக்க, சுடுகாட்டில் சோற்றைச் சூறை விட்டாள் என்பது மயானக் கொள்ளையோட கதை. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர்தான் இதுக்குத் தலைமை இடம். அங்கே இருந்து கடலூர், பாண்டிச்சேரி, வேலூர், சென்னை வரைக்கும் அங்காளம்மன் கோயில் இருக்கிற ஊர்கள்ல எல்லாம் வேஷம் கட்டுவாங்க. விளைஞ்ச காய்கறி, தானியம், காசு எல்லாத்தையும் வாரி இறைப்பாங்க. வருஷம் பூரா யாரும் போகப் பயப்படுற சுடுகாடு, அன்னிக்கு ஒரு நாள் ஊரோட நடுமையம் ஆகிடும்.

தலைகீழாப் புரட்டிப்போடுற இந்த ஒரு நாள்தான் உலகம் முழுக்க கார்னிவலோட உயிர். ரியோவுல கூலித் தொழிலாளி ராஜா உடையில வருவார். இங்கே லோடு ஏத்துறவர் காளியா வருவார். ஊர் பெரிய மனுஷங்க அவர் கால்ல விழுவாங்க. மறுநாள் காலையில எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிடும். அந்த 'மறுநாள் காலை'தான் இந்தக் கட்டுரையோட பிரச்னையே.

சம்பா... ஒரு காலத்துல போலீஸ் கேஸ்!

நம்ம கடலூர் மாவட்டத்துல சம்பான்னா நெல்லு. பிரேசில்ல சம்பான்னா தாளம், ஆட்டம், பாட்டு மூணும் சேர்ந்த ஒண்ணு. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவங்களோட வாரிசுகள் உருவாக்கின கலை. பிரேசில்ல அடிமை முறை ஒழிஞ்சது 1888-ல். அதுக்கு முன்னும் பின்னுமா பாயியா மாநிலத்துல இருந்து ரியோவுக்குப் பிழைக்க வந்த கறுப்பின மக்கள், குறுகலான தெருக்கள்ல, வீட்டுக் கொல்லைப்புறங்கள்ல கூடிப் பாடி ஆடினாங்க. அப்படி ஒரு கொல்லைப்புறத்துக்குச் சொந்தக்காரி, தெருவில் பலகாரம் விற்ற 'டியா சியாட்டா' என்ற பெண்மணி. 'டியா'ன்னா அத்தைன்னு வெச்சுக்கோங்க. முதல் சம்பா ஹிட் என்று சொல்லப்படும் 'பெலோ டெலிஃபோனே' பாட்டு 1917-ல் ரெக்கார்டாக வந்தது. அது பிறந்தது இவங்க வீட்டுக் கூட்டத்தில்தான் என்பார்கள்.

அப்போ ரியோவோட பெரிய மனுஷங்க இதை எப்படிப் பார்த்தாங்க தெரியுமா? 'காட்டுமிராண்டிச் சத்தம்', 'நாகரிகமான ஊருக்கு அசிங்கம்'. சம்பா ஆடினா போலீஸ் கலைக்கும், வாத்தியத்தைப் பிடுங்கும். ஜோவாவ் டா பையானா என்ற கலைஞரோட பாண்டெய்ரோவை (நம்ம கஞ்சிரா மாதிரி ஒரு வாத்தியம்) போலீஸ் பறிச்சிடுச்சு. கேள்விப்பட்ட ஒரு செனட்டர், தன் பெயரைப் பொறிச்சு புது வாத்தியம் ஒண்ணைப் பரிசாகக் கொடுத்தாராம். 'இதைப் பார்த்தா போலீஸ் தொடமாட்டான்' என்பதற்காக. ரியோவில் இன்னமும் சொல்லப்படுற கதை இது.

இப்போ அந்த 'க்ரிஞ்ச்' கமென்ட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. நூறு வருஷம் முன்னாடி ரியோவுல ஸ்மார்ட்போன் இருந்திருந்தா, சம்பா ரீல்ஸுக்குக் கீழேயும் அதே கமென்ட்தான் வந்திருக்கும்.

ஸ்கூலுன்னா இதான் ஸ்கூல்!

அப்புறம் எப்படி அது 'வாவ்' ஆச்சு? அழகு கூடினதாலயா? இல்ல. அமைப்பா ஒண்ணு சேர்ந்ததால.

1928-ல் எஸ்டாசியோ பகுதியில் இஸ்மாயெல் சில்வா உள்ளிட்ட சில இளைஞர்கள் 'டெய்ஷா ஃபலார்' என்ற குழுவை ஆரம்பிச்சாங்க. இதுதான் முதல் 'சம்பா ஸ்கூல்' என்பார்கள். பெயர்தான் ஸ்கூல். கரும்பலகை கிடையாது. ஒரு பேட்டை மொத்தமும் சேர்ந்து நடத்துற குழு அது. 1932-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை முதல் போட்டியை நடத்துச்சு. 1935-ல் நகர நிர்வாகமே இந்த அணிவகுப்பை அங்கீகரிச்சது. அடிச்சுக் கலைச்ச அரசாங்கமே மேடை போட்டுக் கொடுக்க சில பத்தாண்டுகள்தான் ஆச்சு. 1984-ல் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நீமெயர் வடிவமைச்ச 'சம்பாட்ரோம்' திறக்கப்பட்டது. சுமார் 700 மீட்டர் நீளத் தெரு, ரெண்டு பக்கமும் கேலரி.

இன்னிக்கு ஒரு பெரிய ஸ்கூல் அணிவகுப்புல ஆயிரக்கணக்கானவங்க ஆடுறாங்க. சும்மா ஆடிட்டுப் போக முடியாது. மேளம், பாட்டு, உடை, கதைக்கரு, ரதம், கொடி ஏந்தும் ஜோடி என்று 9 பிரிவுல மார்க் போடுறாங்க. 9.9 வாங்கினா அந்தப் பேட்டையே அழும். 0.1 மார்க்குல கோப்பை கைவிட்டுப் போயிடும். மேளம் அடிக்கிற அணியில் 200 பேருக்கு மேல இருப்பாங்க. ஒருத்தர் கை தப்பினாலும் நடுவர் காதுல விழும். வயசான பெண்கள் அகலப் பாவாடை கட்டிச் சுத்தி வர்ற 'பையானா' அணி இல்லாம எந்த ஸ்கூலும் வர முடியாது. கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்ட அந்த அத்தைகளுக்கு ரியோ செலுத்துற மரியாதை அது.

இதெல்லாம் ஒரு நாள் கூத்துக்காக இல்ல. தையல்காரர், தச்சர், வெல்டர், பாட்டு எழுதுறவர், மேளம் கத்துக்கொடுக்கிறவர் என்று பல மாசத்துக்கு வேலை நடக்குது. 2011 பிப்ரவரியில், கார்னிவலுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, ஸ்கூல்களோட பட்டறைகள் இருக்கிற 'சம்பா நகர'த்தில் தீ. மூணு ஸ்கூல்களோட ஆயிரக்கணக்கான உடைகள் சாம்பல். ஆனாலும் அந்த மூணு ஸ்கூலும் ஆடினாங்க. அந்த வருஷம் அவங்களுக்கு மார்க் கிடையாது, கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுறதும் கிடையாது என்று முடிவு பண்ணினாங்க. ஒரு கலையை ஊர் எப்படித் தாங்கிப் பிடிக்கணும் என்பதற்கு இது போதாதா?

குலசைக்குப் போயிருக்கீங்களா?

'நம்மகிட்ட இப்படி ஒரு ஸ்கூல் சிஸ்டம் இல்லையே'ன்னு நினைக்கிறீங்களா? இருக்கு பாஸ். பேர்தான் வேற. 'தசரா குழு'.

தூத்துக்குடி மாவட்டம், திருச்செந்தூர் பக்கத்துல கடலோரமா இருக்கிற ஊர் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவோட ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்களே, அதே ஊர். அங்கே இருக்கிற முத்தாரம்மன் கோயிலோட தசரா திருவிழாதான் தமிழ்நாட்டோட மிகப்பெரிய வேஷத் திருவிழா. நவராத்திரியில் கொடியேறும். பக்தர்கள் காப்பு கட்டுவாங்க. அப்புறம் பத்து நாளும் தென்மாவட்டத் தெருக்கள் பூரா காளி, சிவன், கிருஷ்ணன், அனுமன், குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், டாக்டர், பிச்சைக்காரர்... எல்லாம் நேர்த்திக்கடன் வேஷம். ஆண்கள் பெண் வேஷம் கட்டுறது அங்கே சர்வ சாதாரணம். யாரும் கிண்டல் பண்ணமாட்டாங்க.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தசரா குழு. சில ஊர்கள்ல தெருவுக்கு ஒண்ணு. காளி வேஷம் கட்டுறவர் பல வாரம் விரதம் இருக்கணும். கிரீடம், சடைமுடி, நாக்கு, கூடுதல் கைகள் எல்லாம் செய்து கொடுக்கவே தனிக் கைவினைஞர்கள் இருக்காங்க. குழுவா மேளத்தோட வீடு வீடாப் போய்க் காணிக்கை வாங்குவாங்க. வசதியானவரும் பிச்சைக்காரர் வேஷம் போட்டுக் கையேந்துவார். அகங்காரம் கரையணும் என்பதுதான் அந்த வேண்டுதலே. வாங்கின காணிக்கை கோயில் உண்டியலுக்குப் போகும். பத்தாம் நாள் இரவு, லட்சக்கணக்கானவங்க கூடியிருக்கிற கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பேட்டைக்கு ஒரு குழு, பல மாச ஏற்பாடு, வீட்டுக்கு வீடு வசூல், உடை செய்யத் தனிக் கலைஞர்கள், பெரியவங்ககிட்ட இருந்து சின்னவங்களுக்குக் கைமாறுற பழக்கம். இது சம்பா ஸ்கூல் இல்லாம வேற என்ன? நோக்கம்தான் வேற. அங்கே கொண்டாட்டமும் போட்டியும், இங்கே நேர்த்திக்கடன். ஆனா, ஊர் சேர்ந்து உழைக்கிற விதம் ஒண்ணுதான்.

வித்தியாசம் இது. ரியோவுல மாங்கெய்ரா, போர்டெலா என்று ஸ்கூல் பேரைச் சொன்னா உலகத்துக்கே தெரியும். குலசையில் நல்லா ஆடுற ஒரு தசரா குழுவோட பேரை உங்களால சொல்ல முடியுமா? நம்ம பக்கத்து மயானக் கொள்ளையில் காளி கட்டுறவர் பேராவது தெரியுமா? வீடியோ வைரல் ஆகும். ஆடினவர் பேரு எங்கேயும் இருக்காது.

கோர்ட் படியேறிய ஆட்டம்

இப்போ சூடான விஷயத்துக்கு வருவோம். சில வருஷங்களா குலசை தசரா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. காரணம், சில குழுக்கள் சினிமா, டி.வி ஆட்களைக் கூட்டிவந்து குத்துப்பாட்டுக்கு ஆடவைக்கிறாங்க என்ற புகார். ஆபாச ஆட்டம் கூடாது என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. இது குலசையோட நிக்கல. தமிழ்நாடு முழுக்கக் கோயில் திருவிழா சீசன் வந்தாலே, 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்கு மனுக்கள் வரிசை கட்டும். போலீஸ் மறுக்கும், விழாக் கமிட்டி கோர்ட்டுக்குப் போகும், நிபந்தனையோட அனுமதி கிடைக்கும்.

இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. விரதம் இருந்து வேஷம் கட்டினவர் வேர்த்து விறுவிறுத்து ஆடும்போது, பக்கத்துல ஸ்பீக்கர் கட்டின வண்டியில் சினிமாப் பாட்டு அலறினா அவருக்கு வலிக்கும். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிடும். ரியோவுலயும் இதே சண்டை உண்டு. மேள அணிக்கு முன்னாடி ஆடுற 'ராணி' இடத்துக்கு டி.வி நட்சத்திரங்களைக் கொண்டு வரும்போது, 'எங்க பேட்டைப் பொண்ணு எங்கே?' என்று அங்கேயும் கேட்கிறாங்க.

ஆனா, இந்த விவாதத்துல ஒரு கேள்வி மட்டும் காணாமப் போயிடுது. நிபந்தனைகள் பெரும்பாலும் உடை எப்படி இருக்கணும், பாட்டு எப்படி இருக்கணும், எத்தனை மணிக்கு முடிக்கணும் என்பதைப் பத்தித்தான். மேடையில் ஆடுற பொண்ணுக்கு உடை மாத்த ஒரு ரூம் இருக்கா? டாய்லெட் இருக்கா? பேசின சம்பளத்தை ஏஜென்ட் முழுசாக் கொடுத்தாரா? ராத்திரி ஒரு மணிக்கு ஊர் திரும்ப வண்டி இருக்கா? குடிச்சுட்டு மேடை ஏறுறவனை இறக்கிவிட ஆள் இருக்கா? இதைக் கேட்கிற குரல் ரொம்பக் கம்மி. ஆபாசம் என்பது பாவாடையோட நீளத்துல மட்டுமா இருக்கு? ஒரு கலைஞரை வேன்லயே உடை மாத்தவைக்கிறது ஆபாசம் இல்லையா?

ரியோவும் சொர்க்கம் இல்ல

'அப்போ நம்ம ஊர்லயும் சம்பாட்ரோம் கட்டிடலாமா?' அவசரப்படாதீங்க. ரியோ இதுக்குக் கொடுத்த விலையும் உண்டு.

தெருவுல இருந்த ஆட்டம் கேலரிக்குள்ள போனதும் டிக்கெட் வந்துச்சு. ஆடுற ஏழைகளோட சொந்தக்காரங்களே நல்ல இடத்துல உட்கார்ந்து பார்க்க முடியாத நிலை. பல ஸ்கூல்களுக்குப் பல வருஷமா பணம் போட்டது 'ஜோகோ டூ பிஷோ' என்ற சட்டவிரோத லாட்டரி நடத்துறவங்க. நம்ம ஊர் மூணு நம்பர் லாட்டரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. பணம் கொடுக்கிறவர் கைக்குத்தானே கடிவாளமும் போகும்? அதனாலதான் 'தெரு எங்களுக்கே' என்று, டிக்கெட் இல்லாத 'ப்ளோகோ' எனும் தெருக் கொண்டாட்டங்கள் இன்னிக்கு ரியோ முழுக்கப் பெருகி நிக்குது.

ஆனா, ஒண்ணை அவங்க விட்டுக்கொடுக்கல. தன் கதையைத் தானே சொல்ற உரிமை. 2019-ல் மாங்கெய்ரா ஸ்கூல், பாடப்புத்தகம் மறைச்ச கறுப்பின, பழங்குடி நாயகர்களைப் பத்தின கதையோட தெருவுக்கு வந்தது. அதுக்கு முந்தின வருஷம் சுட்டுக் கொல்லப்பட்ட ரியோ கவுன்சிலர் மரியெல்லி ஃபிராங்கோ பேரையும் பாட்டுல சேர்த்தாங்க. அந்த வருஷக் கோப்பை அவங்களுக்குத்தான். ஒரு காலத்துல யாரோட வாத்தியத்தைப் போலீஸ் பிடுங்கிச்சோ, அவங்களோட பேரப் பிள்ளைகள் நாட்டுக்கே வரலாறு எடுத்தாங்க.

விருது வந்துடுச்சு... மரியாதை?

நம்ம ஊர்லயும் காத்து மாறித்தான் இருக்கு. சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, வாசலுக்கு வெளியவே நிக்கவெச்ச பறைக்கு இன்னிக்கு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கைத்தட்டல் அள்ளுது. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. 2007-ல் ஆரம்பிச்சு நடுவுல நின்னுபோன சென்னை சங்கமம், 2023 பொங்கல்ல இருந்து மறுபடியும் நடக்குது. கரகம், ஒயில், தப்பாட்டம் எல்லாம் சென்னை பார்க்குகளுக்கும் பீச்சுக்கும் வந்துடுச்சு.

சந்தோஷம்தான். ஆனா சென்னையில ஆடினா 'கலைஞர்', மேல்பட்டாம்பாக்கத்துல ஆடினா 'மோளம் அடிக்கிறவன்' என்றால் கணக்கு எங்கேயோ உதைக்குதே? சம்பா ஜெயிச்சது, ரியோ அதை மேடையில் ஏத்தினதால மட்டும் இல்ல. ஆடினவரோட பேட்டையே 'இவன் எங்க ஆளு' என்று நெஞ்சை நிமிர்த்தினதால. அந்த வேலையை அரசாங்கம் செய்ய முடியாது. சொந்த ஊர்தான் செய்யணும்.

நம்ம கடலூர் மாவட்டத்துக்குத் தெருத் திருவிழாக்கள் ஒண்ணும் கம்மி இல்ல. தை மாசம் அஞ்சாம் நாள் தென்பெண்ணை, கெடிலம் கரையில் ஆற்றுத் திருவிழா. மாசியில் மயானக் கொள்ளை. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுத்துப்பட்டு சாமிகள் எல்லாம் வரிசை கட்டும். பங்குனியில் நெய்வேலி வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடி. நிலக்கரித் தொழிலாளிகளுக்காக எழுந்த நெய்வேலிக்கு எத்தனையோ ஊர்ல இருந்து மக்கள் வந்தாங்க. அவங்க அத்தனை பேரையும் ஒரே ரோட்டில் சேர்க்கிறது இந்த மேளச் சத்தம்தான்.

உங்க கையில் இருக்கிற 'செனட்டர்' பாண்டெய்ரோ!

அந்த ரியோ செனட்டர் கொடுத்த வாத்தியம் ஞாபகம் இருக்கா? அதுல பொறிச்ச பேரு ஒரு கலைஞனுக்குப் பாதுகாப்பா நின்னுச்சு. இன்னிக்கு அந்த வேலையைச் செய்யக்கூடிய பொருள் ஒண்ணு உங்க பாக்கெட்லயே இருக்கு.

அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது இதை மட்டும் செய்துபாருங்க...

* வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. 'அண்ணே, எடுக்கலாமா?' அவ்வளவுதான். அருள் வந்து மயங்கிக் கிடக்கிறவங்க முகத்துக்கு நேரா கேமராவை நீட்டாதீங்க. அது அவங்களோட அந்தரங்கமான நேரம்.

* போஸ்ட் போடும்போது ஆடினவர் பேரு, குழு பேரு, ஊர் பேரு மூணையும் போடுங்க. அவருக்கு சம்மதம்னா போன் நம்பரையும் சேர்க்கலாம். அதைப் பார்த்து அவருக்கு இன்னொரு ஊர்ல ஒரு நிகழ்ச்சி கிடைக்கலாம். உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை, அவருக்கு ஒரு நாள் சம்பளம்.

* பொண்ணுங்க ஆடும்போது ஜூம் பண்ணி எடுக்கிறவன் உங்க ஃபிரெண்டா இருந்தாலும் தடுங்க. அந்த வீடியோவை ஷேர் பண்ணாதீங்க.

* உங்க தெருவுல வரி வசூலிக்க வர்ற விழாக் கமிட்டி அண்ணன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'ஆட வர்றவங்களுக்கு ரூமும் சாப்பாடும் ரெடியாண்ணே?' ஸ்பீக்கர் செட்டுக்கு செலவழிக்கிற காசுல கொஞ்சம் இதுக்குப் போதும்.

* முடிஞ்சா கத்துக்கோங்க. பறையோ, பம்பையோ, ஒயிலாட்டமோ. 'இது யாரு அடிக்கிற மேளம்' என்ற பழைய கேள்வியை உடைக்கிறதுக்கு நீங்க கையில எடுத்து அடிக்கிறதைவிட நல்ல வழி கிடையாது.

எல்லா வேஷமும், எல்லாச் சடங்கும் உங்களுக்குப் பிடிக்கணும் என்று கட்டாயம் இல்ல. கேள்வி கேட்கலாம், விமர்சிக்கலாம். ரியோக்காரங்களும் தங்கள் கார்னிவலைப் பத்தித் தினமும் சண்டை போடுறாங்க. ஆனா, கேள்வி கேட்கிறதும் கேவலமாச் சிரிக்கிறதும் ஒண்ணு இல்லையே.

இதோ, ரயில் வந்துடுச்சு. ஏறுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது ரீல்ஸுக்கு ஒரு தடவை திரும்பிப் போங்க. காளி வேஷம் கட்டின அந்த அண்ணன், மறுநாள் காலையில சாயத்தைக் கழுவிட்டு வேலைக்குப் போயிருப்பார். ஒருவேளை நீங்க ஏறப்போற இதே ரயில்ல, உங்க பக்கத்து சீட்லயே உட்கார்ந்திருக்கலாம். காது மடலுக்குப் பின்னாடி கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தா, கண்டுபிடிச்சுடலாம்.

சிரிப்பு எமோஜிக்குப் பதிலா, 'அண்ணே, உங்க பேரு என்ன?' என்று கேட்டுப்பாருங்களேன். நம்ம ஊரோட முதல் சம்பா ஸ்கூல் அந்தக் கேள்வியில இருந்துகூட ஆரம்பிக்கலாம்!